நடக்கச் சொன்னார்கள், குடத்தை யார் தூக்குவது?

இதய வால்வு அறுவைச் சிகிச்சை முடிந்து காலனிக்குத் திரும்பிய அக்கா ஒருவரை, இருபதாம் நாளே தெருக்குழாயடியில் பார்த்தோம். இடுப்பில் நிறைகுடம். “நடக்கச் சொல்லித்தானே அனுப்புனாங்க” என்றார். நடக்கத்தான் சொன்னார்கள், சுமக்கச் சொல்லவில்லை. ஆனால், நம் பெண்களுக்கு இந்த இரண்டும் தனித்தனியாக இருந்ததே இல்லை.

சிறுவயதில் கவனிக்காமல் விட்ட தொண்டைப்புண் வாதக்காய்ச்சலாகி வால்வைக் கெடுக்கிறது. நெரிசலான வீடுகளில் வளர்ந்த ஏழைகளையே இந்நோய் அதிகம் பிடிக்கிறது. வால்வை மாற்றப் பெரும்பாலும் நெஞ்செலும்பை நடுவே அறுத்து, பிறகு கம்பியால் கட்டுகிறார்கள். அது கூடுவதற்கு 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதே பொதுவான அறிவுரை. 15 லிட்டர் தண்ணீரே 15 கிலோ!

சில வீடுகளில் இதற்கு நேர்மாறு. பயந்துபோய்ப் பாயிலேயே படுக்க வைத்துவிடுகிறார்கள். அதுவும் தவறு. நடை ஒரு மருந்து. ஐந்து நிமிடத்தில் தொடங்கி, மருத்துவர் சொன்னபடி சிறிது சிறிதாகக் கூட்டி, அரை மணி நேரம்வரை போகலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கே நடப்பது? அகலத் தெருவும் மரநிழலும் ஊர்ப்பக்கம். நமக்குச் சாக்கடையோரச் சந்து. ஊர்த்தெருவில் ஒரு காலனிப் பெண் உடம்புக்காகக் காலாற நடந்துவிட முடியுமா? இதய நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பயிற்சிக்கு உலகெங்கும் ஆண்களைவிடப் பெண்களே குறைவாக அனுப்பப்படுகிறார்கள். அதிலும் பேருந்துக் காசுக்கு வழியில்லாதவள் எப்படிப் போவாள்?

2009இல் வந்த அரசுக் காப்பீட்டுத் திட்டம் ஏழைக்கு அறுவை அரங்கின் கதவைத் திறந்தது. 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவந்தது. இரண்டையும் இணையுங்கள் என்கிறோம். அறுவை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணின் விவரமும் அவள் ஊர்ச் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வீட்டுக்குள் குடிநீர்க் குழாய் வேண்டும். ஊரக வேலைத் திட்டப் பணிக்குத் திரும்பும்போது, மண் சுமக்க விடாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற எளிய வேலை தர வேண்டும்.

அரசிடம் கேட்பது ஒருபுறம் இருக்கட்டும். அண்ணன்மார்களே, தம்பிமார்களே, அந்த எலும்பு கூடும்வரை குடத்தை நாம் தூக்குவோம். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.