நாலு சக்கரமும் ஒரு சங்கிலியும்

பி.காம். படித்தவனுக்கு ஊரில் ஒரு கஷ்டம் உண்டு சார். 'கணக்கு' என்ற வார்த்தை எங்கே வந்தாலும் நம்மைக் கூப்பிட்டு விடுவார்கள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, கல்யாண வீட்டு மொய்க் கணக்கு எல்லாம் அடியேன் பார்த்தாயிற்று. டயருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்பது போன குற்றால சீசனில்தான் தெரிந்தது.

என் அத்தானுக்குத் தென்காசியில் ஒரு சின்ன மெக்கானிக் ஷெட். ஜூனில் சாரல் ஆரம்பித்தால் ஆரியங்காவு, கோட்டைவாசல், புளியரை வழியாகக் கேரளத்துக் கார்கள் வரிசையாக இறங்கி வரும். வரும்போது இறக்கம், ஒரு பிரச்னையும் இல்லை. ஐந்தருவியில் தலை துவட்டி, பார்டரில் புரோட்டாவை ஒரு கை பார்த்து, சிப்ஸும் மங்குஸ்தானுமாக ஏழு பேர் ஏறிக்கொண்டு திரும்பும்போதுதான் மலை தன் வேலையைக் காட்டும். பாதி ஏற்றத்தில் கிளட்ச் கருகும். அத்தானுக்கு போன் வரும்.

மலைப் பாதையில் கயிறு கட்டி இழுப்பது தற்கொலைக்குச் சமானம். மீட்பு லாரி வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் காரில் இருக்கிற குழந்தை எல்.கே.ஜி. முடித்துவிடும். ஆகவே அத்தான் ஒரு திட்டம் போட்டார். காரை மேலே ஏற்றி, பழைய ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்து வர ஒரு டிரெய்லர். மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் செகண்ட் ஹாண்டில் வைத்திருந்தார். அதை வாங்க அக்காவின் நாலு பவுன் சங்கிலி வங்கிக்குப் போனது.

டிரெய்லர் வந்து இறங்கிய அன்று சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஜபர்தஸ்தாக நடந்தது. இரண்டு அச்சு, நாலு சக்கரம். நாலும் பழைய மாருதி 800-ன் பன்னிரண்டு அங்குலச் சக்கரங்கள்.

"பட்டனைப் பாரு மாப்ளே! புதுசு மாதிரி இருக்குடே. நகத்தால கிள்ளிப் பாரு."

கிள்ளிப் பார்த்தேன். நகம்தான் வலித்தது. பட்டன் உண்மையிலேயே ஜோராக இருந்தது. எனக்கும் திருப்தி. (எனக்கு என்ன தெரியும்? ஸ்கூட்டருக்குக் காற்று அடிக்கும்போதே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிற ஜாதி நான்.)

முதல் சவாரி ஒரு கிழட்டு அம்பாசிடர். கோட்டைவாசலுக்குக் கொஞ்சம் கீழே படுத்துக்கொண்டிருந்தது. ஏற்றிக் கட்டி இறக்கத்தில் வந்தோம். ஜீப்பில் அத்தான், நான், பின் சீட்டில் அக்கா பையன். பள்ளிக்கூடம் லீவு, வேடிக்கை பார்க்க வந்தவன். புளியரை 'எஸ்' வளைவு நெருங்கும்போது பின்னால் ஒரு வெடி. தீபாவளி அணுகுண்டு தோற்றது. அடுத்த கணம் ஜீப் நாங்கள் சொல்கிறபடி போகவில்லை. பின்னால் இருந்தது சொல்கிறபடி போனது. டிரெய்லர் இப்படியும் அப்படியும் வாலாட்ட, ஜீப் ரோட்டின் நடுவுக்கும் ஓரத்துக்கும் கோலம் போட்டது. அத்தான் பிரேக்கை மிதித்துவிடாமல் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தாரே, அதற்கு அவருக்கு ஒரு கோயில் கட்டலாம். நின்ற இடத்தில் இறங்கிப் பார்த்தேன். டிரெய்லரின் இடது பின் சக்கரத்துக்கும் ஓரத்துத் தடுப்புச் சுவருக்கும் நடுவில் என் கை நுழைந்தது, முழங்கை நுழையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி தெரிந்தது.

பையன் மட்டும், "மாமா, இன்னொரு தடவை போலாமா?" என்றான்.

ஸ்டெப்னி கிடையாது. டிரெய்லரை விற்றவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரவு எட்டு மணி வரை மழையில் நின்றோம்.

வீட்டில் அக்கா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மகன் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏல தம்பி, நாளைக்கு நீ கூடப் போ. நீதான் கணக்குப் படிச்சிருக்கல்லா? அவுகளத் தனியா விட்டா திருப்பியும் எதையாவது தூக்கிட்டு வருவாவ."

டயர் கடை அண்ணாச்சி நாலு டயரையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டனைத் தொடக்கூட இல்லை. பக்கச் சுவரைத் துடைத்து, ஓவலாக ஒரு கட்டத்துக்குள் இருந்த நாலு எண்ணைக் காட்டினார். 2309.

"படிங்க தம்பி."

"ரெண்டாயிரத்து முந்நூத்தி ஒம்பது."

"விலை இல்ல தம்பி, பிறந்த நாளு! முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2009-ல இருபத்து மூணாவது வாரம்."

அதாவது ஜூன் முதல் வாரம். குற்றாலத்தில் சீசன் துவங்குகிற சமயத்தில் ஜனித்திருக்கிறது! இன்னொரு டயரில் மூன்றே எண்: 348. அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். 2000-க்கு முன்னால்தான் மூன்று எண் போடுவார்களாம். கடைசி எட்டு 1998 ஆகவும் இருக்கலாம், 1988 ஆகவும் இருக்கலாம். பென்ஷன் வாங்க வேண்டிய ஆசாமியை நாங்கள் மலை ஏற்றியிருக்கிறோம்.

"ஆனா பட்டன் தேயலியே அண்ணாச்சி?" என்றார் அத்தான், விடாமல்.

"ஓடினால்லா தேயும்! டிரெய்லர் டயர் தேய்ஞ்சு சாகுறதில்ல, நின்னே சாகும்."

விஷயம் இதுதான். டயர் ரப்பரில் ஒரு வகை மெழுகு கலந்திருக்கிறது. சக்கரம் ஓடி, டயர் நசுங்கி நிமிரும்போது அது மெல்ல மேலே கசிந்து, காற்றில் இருக்கிற ஓசோன் ரப்பரைத் தின்றுவிடாமல் காக்கும். நின்றே கிடக்கிற டயருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வெயிலில் காய்ந்து, பக்கச் சுவரில் முடி முடியாக வெடிப்பு விடும். ரிட்டயரான மறுநாளிலிருந்து ஈஸிசேரில் சாய்ந்து, ஆறே மாசத்தில் மூட்டுவலி வரவழைத்துக்கொண்ட எங்கள் பெரியப்பாதான் எனக்கு ஞாபகம் வந்தார். ஐந்து வயசுக்கு மேல் வருஷா வருஷம் ஆளிடம் காட்டிப் பார்க்க வேண்டும், பத்து வயசானால் பட்டன் எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் கம்பெனிகள் பல சொல்கிற கணக்கு.

அத்தான் உடனே ரீபட்டனுக்குத் தாவினார். அது ஒன்றும் கேவலமான சமாசாரம் இல்லை. லாரிக்காரர்கள் பாதிப் பேர் பிழைப்பே அதில்தான். எம்.ஆர்.எஃப். கூட 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்கிற கொட்டகையாக ஆரம்பித்து, 1952-ல் இந்த ரீபட்டன் ரப்பர் தயாரிக்க இறங்கி, அதற்குப் பிறகுதான் டயருக்கே வந்தது. ஆனால் மேலே ஒட்டுகிற பட்டன் புதுசானாலும் உள்ளே இருக்கிற கூடு பழசுதானே? கிழவனுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்து மாரத்தானுக்கு அனுப்புகிற கதை.

இங்கேதான் என் பி.காம். விழித்துக்கொண்டது. டயரில் 69S என்று இருந்தது. 'எஸ்' என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை போகலாமாம். (எங்கள் ஜீப் அறுபதைத் தாண்டினால் கதவு கழன்றுவிடும்.) முக்கியம் அந்த 69. அதற்கு அர்த்தம் ஒரு டயர் 325 கிலோ தாங்கும். நாலுக்கு 1,300. வரவு முடிந்தது. செலவு?

டிரெய்லரின் எடை ஒருவருக்கும் தெரியவில்லை. பிரானூரில் மரக்கடைகளுக்குத் தடி ஏற்றி வருகிற லாரிகள் நிற்கிற எடை மேடையில் கொண்டுபோய் நிறுத்தினேன். 540 கிலோ. அம்பாசிடர் எப்படியும் 1,100. மொத்தம் 1,640. அதாவது 340 கிலோ ஓவர்டிராஃப்ட்! சின்ன ஸ்விஃப்ட் கார்கூட சுமார் 900 கிலோ. அதை ஏற்றினாலும் 140 கிலோ துண்டு விழுகிறது. அந்த நாலு சக்கரத்தில் எந்தக் காரைச் சொல்லி நாம் சங்கிலியை அடகு வைத்தோம் என்று அத்தானைக் கேட்டேன். அவர் எடை மேடையின் கூரையைப் பார்த்தார்.

அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். அதே பன்னிரண்டு அங்குலத்தில் குட்டி யானைக்குப் போடுகிற டயர் இருக்கிறது. 145 ஆர் 12, எட்டு பிளை. (எட்டு பிளை என்றால் உள்ளே எட்டு மடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து எட்டு மடிப்பு நூல் டயருக்குச் சமமான பலம் என்று அர்த்தம்.) அவர் காட்டியதில் எண் 86. ஒன்றுக்கு 530 கிலோ, நாலுக்கு 2,120.

"அப்ப அதையே மாட்டிருங்க அண்ணாச்சி."

"பழைய ரிம்முலயா? இந்த டயருக்குக் கார் டயரைப் போல ரெண்டு மடங்குக் காத்து வேணும் தம்பி. கார் ரிம்மு அதுக்குன்னு செஞ்சது இல்ல."

ஆக ரிம்மும் மாற வேண்டும். ரிம்மின் போல்ட் ஓட்டைகள் டிரெய்லரோடு பொருந்தவில்லை. ஆகவே ஹப்பும் மாற வேண்டும். ஒரு பொத்தான் வாங்கப் போய் சட்டை தைத்துக்கொண்டு வந்த கதை. நாலு சக்கரத்தோடு ஐந்தாவதாக ஸ்டெப்னி என்றேன். அத்தான் என்னைப் பார்த்த பார்வையில், நான் அவர் மச்சினன் என்பது ஒரு நிமிஷம் மறந்துபோனது தெரிந்தது. "புளியரை மழை ஞாபகம் இருக்கா அத்தான்?" என்றேன். ஐந்தாவதும் வந்தது.

கிளம்பும்போது அண்ணாச்சி ஒன்று கேட்டார். அம்பாசிடரை எப்படி ஏற்றினீர்கள்? பின்புறமாக, என்றோம். எஞ்சின் பாரம் முழுக்க டிரெய்லரின் வால் பக்கம். கொக்கியில் பாரம் இல்லாவிட்டால் டயர் வெடிக்காமலே டிரெய்லர் வாலாட்டுமாம். எஞ்சின் பக்கம் முன்னால் வர வேண்டும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் உட்கார வேண்டும். ஓசியில் கிடைத்த இந்த ஒரு வரிதான் அன்றைக்கு வாங்கியதிலேயே உசத்தி.

வேடிக்கை என்னவென்றால், மலைக்கு அந்தப் பக்கம் புனலூர் சுற்றிலும் ரப்பர் தோட்டம். சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்களுக்காகவே 1976-ல் அங்கே ஓர் அரசு ரப்பர் நிறுவனம் உண்டானது. பால் வடிகிற மரம் ஒரு மணி நேர தூரத்தில். எங்கள் டயரோ திருநெல்வேலியிலிருந்து வர இரண்டு நாள். சீசனில் இரண்டு நாள் என்றால் அத்தானுக்கு இரண்டு வருஷம்.

மூன்றாம் நாள் ஒரு ஸ்விஃப்ட் பத்திரமாக இறங்கியது. நாலாம் நாள் போன். இன்னோவா, நல்ல வாடகை தருவதாகச் சொல்கிறார்கள். அத்தான் சாவியை எடுத்துவிட்டார். 1,700-ம் 540-ம் 2,240. 120 கிலோ அதிகம்.

"கொக்கியில பத்துல ஒரு பங்கு ஏறும்லா மாப்ளே? 224-ஐக் கழி! இன்னும் நூறு கிலோ மிச்சம் இருக்குடே!"

கணக்கு சரிதான். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் நாலு டயரும் பாரத்தைச் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டால்தான் அந்தக் கணக்கு. பள்ளத்தில் ஒரு சக்கரம் விழுந்தால்? அந்தக் காரின் டிக்கியில் எத்தனை கிலோ சிப்ஸ் இருக்கும்? நான் பேசப் பேச அவர் ஜீப்பை நோக்கி நடந்தார். அக்கா வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைச் சரி செய்துகொண்டு, பையனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, வெளியூர் மீட்பு லாரியின் நம்பரை அவர்களுக்குக் கொடுத்தார்.

சங்கிலி இன்னும் திரும்பவில்லை. வட்டி கட்டி வருகிறோம். ஜனவரி வரை டிரெய்லருக்கு அதிகம் வேலையில்லை. ஆனால் மாசம் இரண்டு தடவை அத்தான் அதைச் செங்கோட்டை வரை சும்மா இழுத்துப் போய் வருகிறார், டயருக்கு வாக்கிங்.

348-ஐ மட்டும் தூக்கிப் போட மனசு வரவில்லை. வீட்டுப் புளியமரத்தில் பையனுக்கு ஊஞ்சலாகத் தொங்குகிறது. கட்டி முடித்து, அவனை உட்கார வைத்து ஒரு தள்ளு தள்ளப் போனேன். அடுப்படி ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது:

"ஏல, அந்தக் கயிறு எத்தன கிலோ தாங்கும்னு பாத்தியா?"