பான்கேக் சாப்பிட்ட பையன்

கேத்தரின் பேட்டர்சன் எழுதி 1977-ல் வெளிவந்த 'பிரிட்ஜ் டு டெராபிதியா' ஒரு சிறுவர் நாவல். தடிமனான புத்தகம் இல்லை, ஒரே நாளில் முடித்துவிடலாம். அடுத்த வருடமே நியூபெரி பதக்கம் வாங்கியது. ஆனாலும் 1990களில் அமெரிக்காவில் அதிக எதிர்ப்பைச் சந்தித்த புத்தகங்கள் என்று அந்நாட்டு நூலகச் சங்கம் போட்ட பட்டியலில், முதல் பத்துக்குள் இதுவும் இருக்கிறது! கெட்ட வார்த்தை வருகிறது, மாயமந்திரம் வருகிறது என்றெல்லாம் சொன்னார்கள். அதையெல்லாம் தள்ளிவிடலாம். கூடவே கேட்ட இன்னொரு கேள்விதான் கொஞ்சம் கனமானது: குழந்தைகளுக்கு எதற்குச் சாவுக் கதை?

(முடிவு முன்பே தெரியக்கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, புத்தகத்தை முடித்த பிறகு வரலாம். அதுதான் நல்லதும்கூட.)

ஜெஸ் ஆரன்ஸ், வர்ஜீனியா கிராமத்துப் பையன், ஐந்தாம் வகுப்பு. நான்கு சகோதரிகளுக்கு நடுவே ஒற்றை ஆண்பிள்ளை. பள்ளியில் வேகமாக ஓடுபவன் தானாக இருக்க வேண்டும் என்று விடுமுறை முழுக்க விடியற்காலையில் ஓடிப் பழகுகிறான். பள்ளி திறந்ததும் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த லெஸ்லி என்ற பெண் எல்லாப் பையன்களையும் தோற்கடித்துவிடுகிறாள், ஜெஸ்ஸையும் சேர்த்து. வேறு கதையாக இருந்தால் இங்கே பகை ஆரம்பிக்கும். இங்கே நட்பு ஆரம்பிக்கிறது. ஓடையைக் கயிற்றில் தொங்கித் தாண்டினால் அந்தப் பக்கம் இருவரும் ராஜா ராணி. அந்த ராஜ்ஜியத்தின் பெயர்தான் டெராபிதியா.

கிறிஸ்துமஸ் பகுதியை மட்டும் தனியாக எடுத்துப் படிக்கலாம். கையில் காசில்லாத ஜெஸ், இலவசமாகக் கிடைத்த நாய்க்குட்டியை லெஸ்லிக்குப் பரிசாகக் கொடுக்கிறான். அவள் அவனுக்கு வண்ணப்பெட்டி தருகிறாள். ஜெஸ்ஸின் அப்பா, மகனுக்கென்று ரேஸ் கார் பொம்மை வாங்கி வருகிறார். அது சரியாக ஓடவே மாட்டேன் என்கிறது. அப்பாவின் முகம் வாடக்கூடாதே என்று பையன் சந்தோஷப்படுவது போல நடிக்கிறான். பத்து வயதில் பெற்றவருக்காக நடிக்கத் தெரிந்துவிடுகிறது பாருங்கள், வளர்வது என்பது அங்கேயே தொடங்கிவிடுகிறது. அதற்குச் சாவு வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் சாவும் வருகிறது. இசை டீச்சர் ஜெஸ்ஸை வாஷிங்டனுக்கு ஓவியங்கள் பார்க்கக் கூட்டிப் போகிறார். லெஸ்லியையும் அழைக்கலாமா என்று கேட்டிருக்கலாம். அந்த நினைப்பு அவனுக்கு வண்டியில் போகும்போதுதான் வருகிறது, ஆனால் டீச்சரோடு தனியாகப் போகிற ரகசிய சந்தோஷமும் கூடவே இருக்கிறது. அன்றைக்கு மழையில் ஓடை பெருகியிருக்கிறது, கயிறு அறுந்துபோகிறது. அவன் வீடு திரும்பும்போது லெஸ்லி இல்லை.

மறுநாள் காலை அவன் பான்கேக் சாப்பிடுகிறான். நன்றாகவே சாப்பிடுகிறான். கொஞ்சம்கூட வருத்தமில்லையா என்று அக்கா சீறுகிறாள். சாவு வீட்டில் அழாமல் நிற்கிற பிள்ளையை ஊர் ஒரு மாதிரி பார்க்கும் இல்லையா, அதே பார்வைதான். பேட்டர்சன் அவனைத் திட்டவும் இல்லை, அவனுக்காக வாதாடவும் இல்லை. இன்னும் நம்பாதவன் எப்படி அழுவான்? பிறகுதான் கோபம் வருகிறது. தன்மேல் உயிராக இருக்கும் தங்கை மே பெல்லை அடிக்கிறான், லெஸ்லி தந்த வண்ணங்களை ஓடையில் வீசுகிறான். அதுவரை மகனிடம் ஒட்டாத அப்பா வந்து, பேச்சு வராமல் அவனை மடியில் வைத்துக்கொள்கிறார்.

இதைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, இது எழுதப்பட்ட காரணமே பதில். பேட்டர்சனின் மகன் டேவிட்டுக்கு எட்டு வயதாக இருந்தபோது, 1974-ல், அவனுடைய நெருங்கிய தோழி மின்னல் தாக்கி இறந்துபோனாள். அந்தப் பையனிடம் 'இது உன் வயதுக்கு ஏற்றதல்ல' என்று யார் சொல்லியிருக்க முடியும்? மகனுக்காக எழுதிய புத்தகத்தை அவன் படித்துவிட்டு, சமர்ப்பணத்தில் தோழியின் பெயரையும் போடச் சொன்னான். இரண்டு பெயரும் அங்கே இருக்கின்றன. பெரியவனாகி, 2007-ல் வந்த திரைப்படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரும் அதே டேவிட்தான். (அந்தப் படத்தை விளம்பரத்தில் ஏதோ மாயாஜாலப் படம் மாதிரி காட்டினார்கள். நம்பிப் போன குழந்தைகள் பாவம்!)

குறை இல்லாமல் இல்லை. கொடுமைக்காரி என்று வருகிற ஜானிஸ் ஏவரியை அவள் அப்பா வீட்டில் அடிப்பது தெரியவருகிறது, ஆனால் கதை அவளைச் சீக்கிரமே விட்டுவிடுகிறது. அவளுக்கென்று இன்னொரு அத்தியாயம் இருந்திருக்கலாம்.

கடைசியில் ஜெஸ் பலகைகளைக் கொண்டுபோய் ஓடைக்குக் குறுக்கே பாலம் போடுகிறான். அறுந்த இடத்தில் அவன் புதுக் கயிறு கட்டவில்லை. மே பெல்லின் தலையில் பூ வைத்து, அந்தப் பக்கம் கூட்டிப் போகிறான்.