'பழசு' என்பது ஒரு காரணமா?

"சார், இது பழைய சாஃப்ட்வேர், தூக்கிப் போடுங்க." கம்ப்யூட்டர் பார்க்க வருகிற தம்பிகள் ஒப்பிக்கும் வசனம் இது. எழுபது வயதுக்காரருக்குக் காய்ச்சல் என்றால், 'வயசாச்சு' என்று மட்டும் சீட்டு எழுதித் தருகிற டாக்டரை நாம் சும்மா விடுவோமா?

டாஸ், விண்டோஸ் 3.1 காலத்துப் புரோகிராம்கள் பெரும்பாலும் 16 பிட். 64 பிட் விண்டோஸில் அவற்றை ஓட்டும் பகுதியே கிடையாது. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே இல்லை. 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்று எத்தனை முறை டிக் செய்தாலும் பலிக்காது. திரையில் வருவதோ, 'இந்தக் கணினியில் இயங்காது, தயாரித்தவரைக் கேளுங்கள்' என்ற செய்தி. கடையை மூடிவிட்டுப் போனவரை எங்கே போய்த் தேடுவது? '16 பிட்' என்று ஒரு சொல் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

காரணம் தெரிந்தால் வழி பிறக்கும். டாஸ் புரோகிராமுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது, இலவசம். விண்டோஸ் புரோகிராம் என்றால் வர்ச்சுவல் மெஷினில் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு ஓட்டலாம்.

எத்தனையோ பேருடைய பல வருடக் கணக்கு வழக்குகள் அந்தப் பழசுக்குள்தான் கிடக்கின்றன. தூக்கிப் போடச் சொல்கிறவர், அவற்றை வெளியே எடுக்கும் வழியை முதலில் சொல்லட்டும்.