நிற்காத ‘ரன்’

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் தொகுப்பாசிரியர் பீட்டர் கிலிவர் ‘ரன்’ (run) என்ற ஒற்றை வினைச்சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டி, அதற்கு 645 பொருள் கண்டார் என்று படித்ததிலிருந்து அந்த மூன்றெழுத்தின் மேல் தனி மரியாதை. 1989 பதிப்பில் முதலிடம் பிடித்திருந்த ‘செட்’டையே அது முந்திவிட்டது. மூக்கு ஒழுகினாலும், துணியில் சாயம் போனாலும், கடை நடத்தினாலும் ‘ரன்’தான். பிரிட்டனில் வேட்பாளர் தேர்தலில் நிற்கிறார், அமெரிக்காவில் ஓடுகிறார். ‘ரன்னர்’ என்றால் ஓட்டக்காரர் மட்டுமா? சாப்பாட்டு மேஜையின் நடுவே விரிக்கும் நீளத்துணியும் அதுவே. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளை வாயில் நுழையாத சொற்களை உருப்போட வைக்கிறோம். ஆனால் ஒரு மொழியின் உயிர்நாடி இத்தகைய சின்னஞ்சிறு சொற்களில்தான் இருக்கிறது. முதலில் இவற்றைப் புழங்கப் பழக்குவோம்.