சால்ட் ஸ்ப்ரே மணிக்கணக்கு ஆயுட்கணக்கு ஆகாது: துத்தநாகப் பூச்சுச் சோதனை குறித்து எங்கள் நிலைப்பாடு

துத்தநாகம் பூசிய தகடோ, போல்ட்டோ, குழாயோ, 'சால்ட் ஸ்ப்ரேயில் இத்தனை மணி நேரம் தாங்கியது' என்ற சான்றிதழை மட்டும் பார்த்து அது கடற்கரையில் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று முடிவுகட்டும் வழக்கத்தை எங்கள் சங்கம் ஏற்கவில்லை. ஒப்பந்தப்புள்ளிகளில் இந்த நிபந்தனை தனித்து நிற்கக் கூடாது.

வெளியில் கிடக்கும் துத்தநாகம் நனையும், காயும். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து எளிதில் கரையாத கார்பனேட் படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதன் நீண்ட ஆயுள் அந்தப் படலத்தால் வருவது. ஐஎஸ்ஓ 9227 தரத்தின்படியான சால்ட் ஸ்ப்ரே சோதனைப் பெட்டியிலோ 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புக் கரைசல் இடைவிடாமல் மூடுபனியாக இறங்குகிறது. காய வழியில்லை; படலமும் சரியாகப் பிடிப்பதில்லை.

விளைவு சில சமயம் தலைகீழாகிவிடுகிறது. 8 மைக்ரான் மின்முலாம் பூசிய போல்ட், மேலே நல்ல பாசிவேஷன் (துத்தநாகத்தின் மேல் இடும் மெல்லிய வேதிப் பாதுகாப்புப் படலம்) இருந்தால், நூறு மணி நேரம்கூட வெண்துரு காட்டாமல் இருக்கும். 50 மைக்ரான் ஹாட் டிப் போல்ட், பாசிவேஷன் இல்லாவிட்டால், ஒரே நாளில் வெளுத்துவிடும். ராமேசுவரம் கரையில் இரண்டில் எது நிற்கும் என்று எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் சொல்வார். வெண்துரு தோன்றும் நேரம் மேல்தோலைத்தான் அளக்கிறது. (பாசிவேஷன் மலிவு, துத்தநாகம் விலை அதிகம்; விற்பவர்கள் மணிக்கணக்கையே முன்னிறுத்துவதில் வியப்பில்லை.)

ஆயுளைத் தீர்மானிப்பது பூச்சின் கனம். ஐஎஸ்ஓ 9223 தரத்தில் சி5 எனப்படும் கடுமையான சூழலில் துத்தநாகம் முதலாண்டில் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை அரிக்கப்படும். இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 120 கிராம் பூசிய தகட்டில், ஒரு பக்கத்துக்கு இருப்பதே சுமார் 8 மைக்ரான். 275 கிராம் என்றால் 19. இந்தக் கணக்குக்குப் பெட்டியே தேவையில்லை.

ஒரே ஆலையில் நேற்றைய சரக்கும் இன்றைய சரக்கும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க சால்ட் ஸ்ப்ரே இருக்கட்டும். நனைத்துக் காயவைக்கும் சுழற்சிச் சோதனைகள் அதைவிட மேல். ஆனாலும் கடலோரப் பணிகளில் ஐஎஸ் 6745 முறையில் அளந்த பூச்சு எடைதான் முதல் நிபந்தனையாக வேண்டும். அடுத்து, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் செய்வதுபோல், கடற்காற்றில் திறந்து வைத்துச் சோதித்த முடிவுகளைக் கேட்க வேண்டும். 120 கிராம் தகட்டை, அது எத்தனை மணி நேரச் சான்றிதழோடு வந்தாலும், கடலோரக் கூரைக்கு வாங்கக் கூடாது.