எங்க லிமிட் இல்ல தம்பி

‘தி வயர்’ பாருங்கடா என்று நண்பர்களிடம் சொன்னால், "செம ஸ்லோ மச்சி, ஹீரோவே இல்ல" என்கிறார்கள். நம்ம ஊர் போலீஸ் கதை என்றால் ஜீப் பறக்கணும், மீசையை முறுக்கணும், வில்லன் நாலு சுவரை உடைத்துக்கொண்டு போய் விழணும். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

போன வருடம் ஒரு சாயங்காலம். டோல்கேட் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. இடையில் நடந்து வந்தபோது, என் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு பைக்கில் போய்விட்டார்கள். ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். "எங்க லிமிட் இல்ல தம்பி." இன்னொன்றுக்குப் போனேன். அவர்கள் முதல் ஸ்டேஷனைக் கை காட்டினார்கள். எந்தச் சினிமா சிங்கமும் இந்த வசனத்தைப் பேசி நான் கேட்டதில்லை.

‘தி வயர்’ பேசுகிறது. பால்டிமோர் துறைமுகத்தைச் சுற்றி நடக்கும் அதன் இரண்டாவது சீசன் (2003) நம்ம கதைதான். தண்ணீரில் ஒரு பெண்ணின் பிணம் மிதக்கிறது. யார் எல்லை? காற்றையும் நீரோட்டத்தையும் கணக்குப் போட்டு அதைப் பழைய மேலதிகாரியின் தலையில் கட்டுகிறான் மெக்நல்ட்டி. நியாயத்துக்காக இல்லை, தன்னைப் படகுக்குத் தூக்கியடித்த கோபத்துக்காக! எழுதியவர்களில் டேவிட் சைமன் அந்த ஊர் பத்திரிகை நிருபர், எட் பர்ன்ஸ் அந்த ஊர் துப்பறியும் போலீஸ். பிறகு எப்படிப் பொய் வரும்?

தமிழிலும் முடியாததில்லை. 2022ல் ஜீ5ல் வந்த ‘விலங்கு’ தொடரில், கண்டெடுத்த பிணத்தின் தலையே காணாமல் போய் எஸ்.ஐ. முழிப்பார். பன்ச் டயலாக் இல்லை.

"பொழுதுபோக்குதானே, விடு" என்பீர்கள். விட முடியாது. ஒருத்தனின் கோபம்தான் நீதி, சட்டம் வெறும் இடைஞ்சல் என்று படத்துக்குப் படம் பழக்கிவிட்டார்கள். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, விசாரணை எங்கே என்று கேட்டவர்களைத்தான் பலர் திட்டினார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்த பிறகு, ‘சிங்கம்’ எடுத்த ஹரியே போலீஸைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வருத்தப்பட்டார். எடுத்தவருக்கே உறுத்துகிறது. கைதட்டிய நமக்கு?

ஹீரோ இல்லாத தொடர், ஸ்டேஷன் எப்படி இயங்குகிறது என்று காட்டுகிறது: யார் கையெழுத்துப் போடணும், யார் தட்டிக்கழிக்கிறார், ஏன். அது தெரிந்தால்தான் எங்கே கேள்வி கேட்பது என்று புரியும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். அன்றைக்கு எனக்கு இது தெரியாது. ஆனால் சிங்கம் எத்தனை டன் வெயிட் என்று மட்டும் தெரிந்திருந்தது.