பனிமலைப் பயணம்: உள்நாடா, வெளிநாடா?

அண்மையில் வீடு சந்திப்பின்போது பள்ளிப்பட்டில் ஒரு குடும்பத்தார் நம் முன் ஒரு வழக்கை வைத்தனர். குடும்பத் தலைவர் துபாயில் வேலை செய்கிறார். ஆண்டுக்கு ஒரு முறை முப்பது நாள் விடுப்பில் வருவார். மகள் பதினொன்றாம் வகுப்பு, மகன் ஒன்பதாம் வகுப்பு. இருவருக்கும் பனிச்சறுக்குக் கற்க வேண்டும் என்ற ஆசை பிறந்திருக்கிறது. மகன் சுவிட்சர்லாந்து என்கிறான். மகள் காஷ்மீர் என்கிறாள். தாயாரோ, "துபாயிலேயே பனி இருக்குதாமே சாமி, அங்கே போனா அவரையும் பார்த்த மாதிரி ஆகும்" என்றார்.

தறி ஓசையும் அக்கினி வெயிலும் நிறைந்த இவ்வட்டாரத்தில் பனிச்சறுக்கைப் பற்றிய பேச்சா என்று வாசகர்கள் நகைக்க வேண்டா. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கணவனும் மனைவியுமாக உழைக்கும் குடும்பங்கள் சிலவற்றிலும் இக்கேள்வி எழத் தொடங்கிவிட்டது. காப்பித் தோட்டங்கள் நிறைந்த குடகிலிருந்து சென்ற பவானி தெக்கடா என்ற பெண், குல்மார்க்கில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் பதக்கங்கள் வென்றிருக்கிறார். தென்னாட்டுப் பிள்ளைகளுக்குப் பனி அந்நியமானதன்று.

எந்த நாடு என்று ஆராயுமுன், ஒரே சரிவில் எத்தனை நாள் நிற்கப் போகிறோம் என்று கேட்டுக்கொள்வதே முறை. பனியைப் பார்ப்பது வேறு, பனியில் சறுக்கக் கற்பது வேறு. முதல் நாள், கனத்த காலணியை மாட்டவும், பலகையோடு விழவும், விழுந்தபின் எழவும் பழகுவதிலேயே கழிந்துவிடும். பலகைகளின் முன்நுனிகளைக் குவித்து வேகத்தைத் தடுக்கக் கற்பது அடுத்த பாடம். தன் விருப்பப்படி திரும்பவும் நிற்கவும் மூன்று நான்கு நாள்களேனும் வேண்டும்.

இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் மகன் கேட்கும் சுவிட்சர்லாந்து தேறுவதில்லை. நம்மவர் பெரும்பாலும் செல்வது பல நாடுகளைச் சில நாள்களில் சுற்றிக் காட்டும் தொகுப்புப் பயணத்தில். அதில் டிட்லிஸ் மலைக்கோ, 3,454 மீட்டர் உயரத்தில் 1912 முதல் இரயில் சென்றுவரும் யுங்ஃபிராவ்யோக்கிற்கோ அரை நாள் ஒதுக்குவர். நிழற்படம் எடுத்துக்கொண்டு மீண்டும் பேருந்தில் ஏற வேண்டியதுதான். விசாக் கட்டணமும் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளைகளும் அக்கணக்கிலேயே சேர்வர்.

வெளிநாடுதான் வேண்டுமென்றால் கசகஸ்தானின் அல்மாட்டி நகரை எண்ணிப் பார்க்கலாம். 2022 ஜூலை முதல் இந்தியர் பதினான்கு நாள் வரை விசா இன்றி அங்கே தங்கலாம். நகரின் அருகிலேயே ஷிம்புலாக் சரிவுகள் உள்ளன, பனியை இயந்திரங்களால் சீர்செய்து வைத்திருப்பர், கற்பிப்போரும் உண்டு.

துபாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் உழைப்போரின் குடும்பங்கள் நம் பங்குகளில் பல. அங்கே ஒரு பெரிய அங்காடியின் உள்ளே, 2005-ஆம் ஆண்டில் பனிச்சறுக்குக் கூடம் ஒன்றைத் திறந்தனர். வெளியே பாலை வெயில், உள்ளே உறைநிலைக்கும் கீழான குளிர். மிக நீண்ட சரிவு 400 மீட்டர். தொடக்க நிலையினருக்கு அது தாராளம், பயிற்சியும் முறையானது. பனி பெய்யுமா, பெய்யாதா என்ற கவலையும் இல்லை. ஆயின் தந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் நிறுவனப் பேருந்தில் ஏறுவார், இருட்டியபின் திரும்புவார். பிள்ளைகள் பகலெல்லாம் அங்காடியில் இருப்பர்; அவர் இரவில் கதை கேட்டு உறங்கிவிடுவார். அவரைப் பார்த்ததாகும்; அவரோடு இருந்ததாகாது.

எனவே நாம் மகளின் பக்கமே சாய்ந்தோம். குல்மார்க் புல்வெளி ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர் என்றால் ஒப்பிட எளிது. புல்வெளியை ஒட்டியுள்ள மென்சரிவுகளே புதியவர்க்கு உரியவை. அங்கிருந்து கிளம்பும் ரோப் காரை 'கொண்டோலா' என்பர். அதன் முதல் கட்டம் கொங்தூரி வரை. இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேல் அபர்வாட் மலைத்தோள் வரை செல்கிறது. மேலே ஏறிக் காட்சி காணலாம். அங்கிருந்து சறுக்கி இறங்குவது தேர்ந்தவர்க்கு மட்டுமே. 2024 பிப்ரவரியில் அம்மலையில் பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டு வீரர் ஒருவர் உயிரிழந்தார். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழுள்ள பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனம் குல்மார்க்கிலேயே இருக்கிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராக நின்ற ஆரிஃப் கான், இச்சரிவுகளில் வளர்ந்தவரே.

குறைகளையும் மறைக்கலாகாது. 2024 ஜனவரியில் குல்மார்க் பனியின்றி வறண்டு கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த விளையாட்டுகளும் பனிக் குறைவால் மார்ச்சுக்குத் தள்ளிப் போயின. 2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமில் இருபத்தாறு பேர் கொல்லப்பட்டதை யாரும் மறக்கவில்லை; தாயாரின் அச்சம் நியாயமானதே. பயணம் உறுதிசெய்யுமுன் அந்நாளைய நிலைமையை விசாரித்து, பணம் திரும்பக் கிடைக்கும் விதத்தில் பதிவு செய்வதே நல்லது. அச்சம் நீங்காவிடில் மணாலிக்கு அருகிலுள்ள சோலாங் சமவெளி உண்டு. உத்தரகாண்டின் அவுலியும் நல்ல இடமே; ஆயின் ஜோஷிமட நிலம் தாழ்ந்ததால் 2023 ஜனவரியில் அங்குள்ள ரோப் கார் நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கிளம்ப வேண்டா.

அடுத்து, காலம். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை பனிக்கு உதவாது. கிறிஸ்துமஸை ஒட்டிய விடுமுறையிலோ பனி இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. பங்கை விட்டு அந்நாளில் செல்ல யாருக்கும் மனம் வராது. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைக் கடுங்குளிர்க் காலமாகக் கொள்வர். நம் பொங்கல் விடுமுறை அதன் நடுவில் விழுகிறது! அதனோடு இரண்டு மூன்று நாள் சேர்த்தால் போதும். பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு 2025–26 கல்வியாண்டு முதல் இல்லை. அடுத்த தையில் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பாள். அதன்பின் கல்லூரி, விடுதி. நால்வரும் சேர்ந்திருக்கும் காலம் இனி அதிகமில்லை. ஆதலின் மே மாத விடுப்பை ஜனவரிக்கு மாற்றித் தருமாறு தந்தை இப்போதே தம் மேலாளரிடம் கேட்க வேண்டும் என்றோம்.

இதில் நாம் கண்ட பெரும் பயன் வேறொன்று. ஆண்டில் பதினொரு மாதம் தொலைபேசியில் மட்டும் அறிவுரை சொல்லும் தந்தை, பனியில் பிள்ளைகளுக்கு நிகராகப் புதியவர். அவரும் விழுவார், பெரும்பாலும் மகன்தான் கைகொடுத்துத் தூக்குவான். பதினான்கு வயதுப் பையனுக்கும் அப்பாவுக்கும் இடையே இதைவிட நல்ல பேச்சுத் தொடக்கம் நமக்குத் தெரியவில்லை.

செலவுக் கணக்கைப் பிள்ளைகளே எழுதட்டும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்துவைத்ததை முதல் வரியில் கழித்துவிட்டு, எஞ்சியதற்குள் விமானம், அறை, பயிற்சியாளர் ஊதியம், வாடகைப் பலகை ஆகியவற்றை அடக்கச் சொல்லலாம். பலகையும் காலணியும் விலைக்கு வாங்க வேண்டா. நம் ஊர்த் தறியில் நெய்த பருத்தியும் அங்கே உதவாது. நனைந்தால் உலராமல் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி உள்ளாடையும் நீர்புகா மேலாடையும் தேவை. பயணக் காப்பீடு எடுப்போர் அதில் பனிச்சறுக்கு விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்கட்டும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் நெடுங்காலமாக இயங்குவதில்லை. பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லாதிருப்பது பெற்றோரின் சாமர்த்தியம். ஞாயிறன்று ஸ்ரீநகரில் தங்க நேர்ந்தால், மௌலானா ஆசாத் சாலையில் திருக்குடும்ப ஆலயம் உள்ளது. திருப்பலி நேரத்தை முன்னதாகவே கேட்டு அறிந்துகொள்க.